புகை திரும்பி வந்த அடுப்பு

பற்ற மறுக்கும் அடுப்பின் முன்னால் குந்தியிருப்பவனுக்குக் கண் மங்கிக் காது கூர்மையாகிவிடுகிறது. தீக்குச்சி உரசும் சத்தம். காகிதம் சுருளும் சத்தம். சுள்ளி ஒன்று வெடிக்கப்போய், மனம் மாறி, அடங்கும் சத்தம். இவற்றுக்குப் பின்னால், இரண்டு சுவர் தாண்டி, முன்னறையில் ஒரு பச்சைக் குழந்தை மூச்சு விடும் சத்தம். அது என் காதுக்கு எட்டாது. எட்டுகிறது என்று நானே இட்டுக்கட்டிக்கொள்வேன். கேட்காத ஒன்றைக் கேட்டபடியே தீ மூட்டிய மழைக்காலம் அது.

குழந்தை என் தங்கையுடையது. நாற்பதை நெருங்கும் வயதில் அவளுக்குத் தங்கிய முதல் பிள்ளை. அதற்கு முன் தங்காமல் போனவற்றைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசினால் அவை திரும்பிப் பார்க்கும் என்பதுபோல் வாயை மூடிக்கொள்வோம். அம்மா இல்லாததால் ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேராகக் குனோங் ராபாட்டுக்கு, சுண்ணாம்பு மலையின் காலடியில் இருக்கும் எங்கள் வரிசை வீட்டுக்கு வந்தாள். பத்தியச் சோறு, மருந்து உருண்டை, குளியல் எல்லாவற்றையும் என் மனைவி எடுத்துக்கொண்டாள்.

"எலை போட்டுக் கொதிச்ச தண்ணிதான் ஊத்தணும். வெறகு அடுப்புல கொதிச்சது," என்றாள்.

"பாத்ரூம்ல ஹீட்டர் இருக்கே."

"ஹீட்டருக்குள்ள நொச்சி எலைய எந்தப் பக்கமா போடுவீங்க? காட்டுங்க, பாக்குறேன்."

கேஸ் அடுப்பில் அந்த அண்டாவை ஏற்ற முடியாது. ஏற்றினாலும் அவள் விட்டிருக்கமாட்டாள். எதை விட்டால் எது கைவிட்டுப் போகும் என்று தெரியாத பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. அவள் பயம் சட்டமாக வெளியே வந்தது. என் பயம் வேலையாக.

அடுப்பைச் செய்து தந்தவர் மச்சான், தங்கையின் கணவர். சித்தியவானில் வெல்டிங் கடை வைத்திருக்கிறார். பழைய டிரம் ஒன்றை இடுப்பளவில் அறுத்து, வாய்க்கு இரும்புக் கதவு மாட்டி, முதுகிலிருந்து ஒரு குழாயை எழுப்பி, பின்கட்டுச் சமையலறையின் தகரக் கூரையைத் துளைத்து வெளியே நிறுத்தினார். குழாயின் தலைக்கு ஒரு தொப்பி. தொப்பிக்கும் குழாய்க்கும் நடுவில் பொடிக்கண் கம்பி வலை.

"வலை எதுக்கு மச்சான்?"

"மைனாவுக்கு. ஓட்டை கெடச்சாப் போதும், புள்ளகுட்டியோட வந்து உக்காந்துரும். இந்த ஊரு மைனா வாடகை குடுக்காது லா." கீழே இறங்கி அடுப்பின் முதுகில் தட்டினார். "புகை ஒரு பொட்டு உள்ள வராது. கேரண்டி."

அவரே விறகும் கொண்டுவந்தார். ஆயர் தாவார் பக்கம், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த நடுவில், அவருடைய அண்ணன் பிடிவாதமாக வைத்திருக்கும் கொஞ்சம் ரப்பர் மரங்களின் கிளைகள். விறகின் மேல் ஒரு பிளாஸ்டிக் பை. திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அந்தப் புளித்த, கனத்த நாற்றத்தில் பிறந்தவன் நான். கோட்டுப்பால். மரத்தில் வெட்டிய கோட்டிலேயே உறைந்து, மறுநாள் காலையில் நாடாவாக உரிந்து வரும் ரப்பர்.

"இது இல்லாம உங்களுக்குத் தீ மூட்ட வராதுல்ல," என்று சிரித்தார்.

உண்மைதான். ரப்பர் தோட்டத்துக் கூலி வீடுகளான லயத்தில் பிறந்தவர்களின் கைக்கு வேறு வழி தெரியாது. ஒரு துண்டு நாடா, ஒரு தீக்குச்சி. சீறிக்கொண்டு, சொட்டுச் சொட்டாக எரிந்து, ஈர விறகையும் இழுத்துப் போட்டுப் பற்றவைத்துவிடும். மண்ணெண்ணெய் வாங்க முடியாத வீட்டிலும் அது இருந்தது. காலையில் லயத்தின் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் அந்தக் கறுப்பு மணத்தை மூச்சுவிடும்.

முதலில் அடுப்பு நல்லபடியாகத்தான் இருந்தது. நாடா வைத்த உடனே குழாய் 'உம்' என்று இழுத்தது. தண்ணீர் கொதித்து, இலை நிறம் விட்டு, பின்கட்டு முழுக்கப் பச்சையாக மணத்தது. தங்கை குளித்துவிட்டுத் தலையில் துணி கட்டிக்கொண்டு வந்து, "அண்ணே, ஒடம்பு பஞ்சு மாரி இருக்கு," என்று சொன்ன நாளில் எனக்குத் தீயின்மேல் ஒரு நன்றி வந்தது.

பிறகு அது முரண்டு பிடிக்கத் தொடங்கியது. ஒரு நாள் சற்றுத் தாமதம். இன்னொரு நாள் கதவிடுக்கில் ஒரு நூல் புகை. பிறகு அந்த நூல் கயிறாயிற்று. பற்றும், அணையும். பற்றும், யோசிக்கும், அணையும்.

விறகில் ஈரம் என்றேன். பட்டையை உரித்தேன், விரல் கனத்துக்குப் பிளந்தேன், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் வெப்பம் வரும் இடத்தில் அடுக்கினேன். காய்ந்தது. எரியவில்லை. சாம்பல் நிறைந்து அடியில் காற்று அடைபட்டது என்றேன். அள்ளிக் கொட்டி, கம்பித் தட்டைக் கழுவித் துடைத்தேன். அன்று மட்டும் எரிந்தது. குழாய் குளிர்ந்து கிடப்பதால் புகை ஏற மறுக்கிறது என்று தோன்றியது. செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்திக் குழாயின் அடிவாயில் பிடித்துச் சூடு காட்டினேன். ஒரு மூச்சு மேலே போயிற்று, மறு மூச்சு என் முகத்துக்கு வந்தது. மதியத்தில் மலையிலிருந்து இறங்கும் காற்று குழாயை அமுக்குகிறது என்று மலையைத் திட்டினேன். வெள்ளையும் கறுப்புமாகச் செங்குத்தாக நின்றுகொண்டிருந்த அது, எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு தோல்விக்கும் என் கை பிளாஸ்டிக் பைக்குள் போனது. ஒரு நாடாவுக்குப் பதில் இரண்டு. இரண்டுக்குப் பதில் ஒரு பிடி. அது மட்டும்தான் என் பேச்சைக் கேட்டது.

தங்கை முன்னறைக் கதவைச் சாத்தி, அடியில் ஒரு சாரோங் துணியைச் சுருட்டித் திணிக்கத் தொடங்கினாள்.

"அண்ணே, பாப்பா தும்முறா."

"தும்முனா நல்லதுதான்," என்றாள் மனைவி. ஆனால் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு வேணாம்னா விட்டுருவோமா?" என்று கேட்டேன்.

விட்டுவிடலாம் என்று சொல்ல மூன்று பேருக்கும் வாய் வரவில்லை. குளியல் நின்று, அதன் பிறகு குழந்தைக்கு ஏதாவது ஒன்று என்றால்? புகை உள்ளே வந்து, அதனால் ஏதாவது ஒன்று என்றால்? இரண்டு பக்கமும் பள்ளம். நடுவில் தீப்பெட்டியோடு நான்.

குழந்தை அதிகம் அழாதவள். அக்கம்பக்கத்தார் அதைப் பாராட்டினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சின்ன வயதில் தோட்டத்துப் புகைக்கூடம் எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் அந்தக் கட்டடத்தில் தீ பிடித்தபோது, பெரிய சத்தம் எதுவும் இல்லை. கறுப்பு ஒன்று மெதுவாக எழுந்து, வானத்தில் ஒரு சுவரைக் கட்டியது. பெரியவர்கள் ஓடிக்கொண்டிருக்க நான் அந்த அமைதியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதிலிருந்து புகை என்றால் எனக்கு அமைதி. அமைதி என்றால் பயம். அடுப்பு ஊதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் முன்னறைக் கதவில் காது வைப்பேன். உள்ளிருந்து தங்கை, "இருக்கோம் அண்ணே," என்பாள். கேலியாகத்தான் சொல்வாள். எனக்கு அந்தச் சொல் போதும், அடுத்த தீக்குச்சி வரை.

அன்று மதியம் மனைவி காரை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தாள், பால் ஊறுவதற்குச் சுறா வாங்க. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் திரும்புவதற்குள் தண்ணீர் கொதித்திருக்க வேண்டும் என்று தொடங்கினேன். காகிதம் போயிற்று. சுள்ளி போயிற்று. கதவிடுக்கில் புகை. திறந்தேன், ஊதினேன், இருமினேன். மழை தகரத்தில் இறங்கியது. ஒரு லோரி கல்லைக் கொட்டினாற்போல் சத்தம். அதற்குள் என் இருமலே எனக்குக் கேட்கவில்லை.

பையைக் கவிழ்த்து மிச்சமிருந்த கோட்டுப்பாலை மொத்தமாகத் தள்ளினேன்.

பற்றிக்கொண்டது. எவ்வளவு அழகாகப் பற்றியது! டிரம் முழுக்க மஞ்சள். கை தட்டலாம் என்றிருந்தது. அடுத்த கணம் அந்த மஞ்சளின் வாயிலிருந்து கறுப்பு வெளியே வந்தது. இடுக்கு வழியாக அல்ல, வாய் நிறைய. கம்பளியை உருட்டி உருட்டி யாரோ உள்ளிருந்து தள்ளுவதுபோல். கூரையில் முட்டி, திரும்பி, வாசற்படியின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தது. வழி தெரிந்தவன்போல முன்னறைப் பக்கமாகப் போனது.

நான் அதற்குக் கீழே குனிந்து ஓடினேன்.

"தங்கச்சி!"

கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். பதில் இல்லை. 'இருக்கோம் அண்ணே' இல்லை. கைப்பிடியைத் திருகித் தள்ளினேன். கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. பின்னால், தரையோடு, மெத்தென்று ஏதோ ஒன்று தடுத்தது.

அந்த மென்மையை இன்னும் என் தோள் மறக்கவில்லை. மரமென்றால் மரம், நாற்காலியென்றால் நாற்காலி, தெரிந்துவிடும். அது உடம்புபோல இருந்தது. கதவருகே வந்து, திறக்கமுடியாமல், விழுந்துகிடக்கும் ஓர் உடம்பு. தள்ளினால் அவளுக்கு வலிக்குமே என்று ஒரு கணம் கையை எடுத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மோதினேன்.

சாரோங். அவள் அடியில் திணிக்கும் அதே சாரோங், கதவுக்குக் கீழே சிக்கிச் சுருண்டு கிடந்தது. கட்டில் காலி. குழந்தையின் மெத்தை காலி. அதில் ஒரு சின்னக் குழி மட்டும்.

வெளியே பாய்ந்தேன். இரும்புக் கேட் திறந்திருந்தது. மழை. கார் நிறுத்துமிடத்தில் யாரும் இல்லை. அப்போது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல், மழையையே அதட்டுவதுபோல்.

"ஹையா! யூ டயர் பாக்கார் கா?"

சீன ஆண்ட்டி. டயரையா கொளுத்துகிறாய் என்று கேட்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். அதற்கு அந்தப் பக்கம், தன் போர்ச்சில், பிரம்பு நாற்காலியில் தங்கையை உட்காரவைத்திருந்தாள். தங்கையின் தலையில் ஆண்ட்டியின் பூத்துவாலை. ஆண்ட்டியின் மார்பில் ஒரு துணி மூட்டை.

"பேபி மாசோக் ஆங்கின்! யூ கீலா கா?" பிள்ளைக்குக் காற்றுப் பிடிக்கும், உனக்கென்ன பைத்தியமா என்று மலாயில் பொரிந்து தள்ளினாள். திட்டிக்கொண்டே மூட்டையை இன்னும் இறுக்கமாகச் சுற்றினாள்.

"கத்துனேன் அண்ணே," என்றாள் தங்கை. "நாத்தம் வந்தொடனே கத்துனேன். மழையில உங்களுக்குக் கேக்கல. ரூம் கதவ இழுத்துச் சாத்திட்டு ஓடியாந்து, புள்ளைய ஆண்ட்டிகிட்ட சொவத்துக்கு மேல குடுத்துட்டு நானும் ஏறிட்டேன்."

"பாப்பா?"

"தூங்குறா."

சுவரின் மேல் எட்டிப் பார்த்தேன். முகம் சிவந்து, வாய் கொஞ்சம் திறந்து, அசையாமல். மூக்கின் கீழ் விரல் வைத்தேன். என் விரலில் கரி, கரியின் மேல் மழை. எதுவும் தெரியவில்லை.

"அழ வை," என்றேன்.

"என்ன அண்ணே?"

"ஒரு தடவ அழ வை."

"தூங்குற புள்ளைய எதுக்கு..." என்று தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். எழுந்து போய்த் துணியை விலக்கி, குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். ஒன்றும் இல்லை. மறுபடி சுண்டினாள். முகம் சுருங்கியது, கசங்கியது, பிறகு திறந்துகொண்டது. அந்த அழுகை மழையைக் கிழித்தது. ஆண்ட்டி என்னை இன்னும் திட்டினாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். பின்கதவைத் திறந்துவிட்டேன். வாளியில் வைத்திருந்த பழைய சாம்பலை அடுப்பின் வாயில் கொட்டி இரும்புக் கதவை அறைந்தேன். கறுப்பு இன்னும் கொஞ்சம் கசிந்து, முனகி, ஓய்ந்தது. சுறாவோடு திரும்பிய மனைவி கூடத்தின் கறுத்துப்போன கூரையைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். தானும் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நான்தானே வெறகு அடுப்புன்னு..." என்று தொடங்கி முடிக்கவில்லை. அவள் பயம் சட்டமாக இல்லாமல் வெறும் பயமாக வெளியே வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மழை விட்ட சாயங்காலம் மச்சான் வந்து சேர்ந்தார். போனில் பாதிதான் சொல்லியிருந்தேன். கேட்டிலேயே கேலி ஆரம்பித்துவிட்டது.

"என்ன மச்சான், வீட்டையே புகைக்கூடமா ஆக்கிட்டீங்களாமே! எங்க ஷீட்டு, தொங்கவிட்டாச்சா?"

யாரும் சிரிக்காததைக் கண்டு ஏணியை எடுத்தார். கூரையில் ஏறி, தொப்பியைக் கழற்றினார். கழற்றியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மச்சான்?" என்றேன் கீழிருந்து.

தொப்பியை நீட்டினார். கம்பி வலை என்று ஒன்று இல்லை. இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் தோல். ஒரு கண் விடாமல் அடைத்து, மொத்தையாக, பளபளவென்று. ஸ்குரூ டிரைவரால் கீறினார். பொடியாக உதிரவில்லை. இழுத்துக்கொண்டு வந்தது.

"இது மசி இல்ல மச்சான். ரப்பர் பாலு. புகையா போயி இங்க வந்து ஒட்டியிருக்கு."

நான் வைத்த ஒவ்வொரு பிடியும் அங்கே இருந்தது. அடுப்பு எரியாததால் வைத்தேன். வைத்ததால் எரியவில்லை.

"தோட்டத்துல எத்தன வருசம் இதுலதானே மூட்டுனோம்," என்றேன். "ஒரு நாளும் இப்படி ஆகலையே."

"தோட்டத்துல எவன் வீட்டுல மச்சான் பைப்பு இருந்துச்சு?"

நினைத்துப் பார்த்தேன். சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. புகை இஷ்டப்பட்ட பக்கம் போயிற்று. எங்கே போகிறது என்று கேட்டவர் யாரும் இல்லை.

மச்சான் ஏணியின் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். தொப்பி மடியில். நாளெல்லாம் நெருப்போடு வேலை செய்யும் கை. அது தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது.

"வலைய நான்தானே போட்டேன். மைனாவுக்குப் பயந்துகிட்டு."

"அடைச்சது நான்."

"கேரண்டின்னு சொன்னேன் லா, மச்சான்."

இரண்டு பேரும் அந்தத் தொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், அது ஏதோ செத்துப்போன பிராணி என்பதுபோல். பிறகு அவர் விருட்டென்று இறங்கி, முன்பக்கம் போய், சுவருக்கு அப்பால் இருந்த தங்கையிடம் சொன்னார்.

"துணிய எடு. போலாம். சித்தியவானுக்கே போலாம்."

"நா இன்னும் குளிக்கல," என்றாள் தங்கை.

"குளியலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"உங்களுக்கு வேணாம். எனக்கு ஒடம்பெல்லாம் புகை நாத்தம். இப்படியேவா புள்ளைக்குப் பால் குடுக்கச் சொல்றீங்க?" சுவருக்கு மேலே என்னைப் பார்த்தாள். "அண்ணே, பத்த வைங்க. நான் இங்கயே இருக்கேன். கொதிச்சதும் கூப்புடுங்க."

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. குழந்தையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. ஆனாலும் அவள்தான் சொன்னாள்.

வலை இல்லாத தொப்பியை மச்சான் உயரமாகத் தூக்கி வைத்தார். குழாயைத் தட்டித் தட்டி உள்ளிருந்த மசியை இறக்கினோம். மனைவி காய்ந்த தென்னம்பாளையை நாராகக் கிழித்துத் தந்தாள். என் கை பழக்கத்தில் பையைத் தேடியது. பை இல்லை. அதை அவள் கேட்டுக்கு வெளியே எறிந்திருந்தாள். நாரின் மேல் சுள்ளி, சுள்ளியின் மேல் மெல்லிய விறகு. தீக்குச்சியைப் பிடித்துக்கொண்டு உரசாமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"இரு."

இரண்டு சுவர் தாண்டி, போர்ச்சு தாண்டி, ஆண்ட்டி ஏதோ சீனத்தில் கொஞ்சிக்கொண்டிருந்தாள். குழந்தை சிணுங்கியது. உரசினேன்.

பாளை பிடித்தது. கதவைச் சாத்தினேன். இடுக்கில் ஒன்றும் வரவில்லை. குழாய் மறந்துபோயிருந்த 'உம்'மைத் திரும்பச் சொன்னது. வெளியே தூறலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மச்சான் கத்தினார்.

"போவுது மச்சான்! மேல போவுது!"

அவர்கள் பத்தியம் முடியும்வரை எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். நான் தீப்பெட்டியை எடுப்பதைச் சுவருக்கு மேலாகப் பார்த்துவிட்டால் போதும், ஆண்ட்டி பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டுத் துவாலையோடு தயாராகிவிடுவாள். தங்கை குழந்தையோடு அங்கே போய் உட்கார்வாள். அடுப்பு அதன்பிறகு ஒருநாளும் முரண்டு பிடிக்கவில்லை. முரண்டு பிடித்ததெல்லாம் நான்தான். எல்லாம் அடுக்கி வைத்த பிறகும், குச்சி விரலில் இருக்க, காத்திருப்பேன்.

"அண்ணே இன்னும் பத்த வைக்கலையா?" என்று அங்கிருந்து குரல் வரும்.

"பாப்பா சத்தத்தக் காணோமே?"

"தூங்குறா அண்ணே!"

"கால்ல சுண்டு."

திட்டிக்கொண்டேதான் சுண்டுவாள்.